ஒற்றை ஆளுக்கு ஒரு சின்னக் கேரவன்: சித்தியின் வண்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

நாகர்கோவில் வடசேரியில் சித்தி வீட்டுக்குப் போகும் முடுக்கில், கிணற்றடித் திருப்பத்தில் அகலம் ஆறடி ஒரு அங்குலம். டேப்பின் ஒரு முனையைச் சித்தி பிடிக்க, மறுமுனையை நான் எதிர்வீட்டு மதிலில் வைத்து இரண்டு தடவை அளந்தேன். கேரவன் வாங்கும் பேச்சு அதற்கு முன்பே நான்கு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. படுக்கை, ஃபிரிட்ஜ், டாய்லெட், ஏசி என்று நோட்டில் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தோம். வண்டி ராத்திரி எங்கே நிற்கும் என்று அளந்து பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அளந்த அன்றைக்கு அந்த மூன்று பக்கத்தில் பாதி அடிபட்டுப் போனது.

நான் நாகர்கோவில் பக்கம் வேன்களுக்கும் ஆம்புலன்ஸ்களுக்கும் உள்வேலை செய்யும் ஒரு பட்டறையில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். சித்தி ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ். வயது 61, உயரம் ஐந்தடி ஒரு அங்குலம், தினமும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். கார் ஓட்டத் தொடங்கி இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. இருட்டின பிறகு ஓட்டுவதில்லை. சித்தப்பா தவறி ஆறு வருஷம். மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கே போய் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, காருக்குப் பின்னால் சின்ன வீட்டை மாட்டிக்கொண்டு தனியாக ஊர் சுற்றும் பாட்டிமார்களைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

அவர் கேட்டது இவ்வளவுதான். மாதத்தில் பத்து நாள் வெளியே. முட்டம், தேங்காய்ப்பட்டணம், பேச்சிப்பாறை என்று முதலில் மாவட்டத்துக்குள்ளே. அப்புறம் குற்றாலம், ராமேஸ்வரம். ஆள் ஒருத்தர். கூட வர யாரும் கிடையாது, வரவும் வேண்டாம்.

இழுத்துப் போகிற ரகம்

சித்தி மனதில் இருந்தது இழுவைக் கேரவன். ஐரோப்பாவில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மனியில் எரிக் பாகெம் என்ற பொறியாளரும் எர்வின் ஹைமரும் சேர்ந்து 1957-இல் செய்த சின்னக் கேரவனிலிருந்து வளர்ந்ததுதான் எரிபா என்ற பெயர். பாகெம் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து வைத்தது. இன்றைக்கும் தனி ஆளாகப் போகிறவர்கள் தேடும் சின்ன ரகங்களில் அது ஒன்று. பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்து சாதாரணக் கார் லைசென்ஸிலேயே 3,500 கிலோ வரை இழுக்கலாம். புதிதாக இழுப்பவர்களுக்கு அங்கே ஒரு கைக்கணக்கும் உண்டு: கேரவனின் முழு எடை, காரின் வெறும் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கட்டும் என்பார்கள். சித்தியின் கார் ஏறக்குறைய 900 கிலோ. அப்படியானால் கேரவன் 765 கிலோவுக்குள் இருக்க வேண்டும். கண்ணீர்த்துளி வடிவத்தில் படுக்கையும் பின்பக்க அடுப்பும் மட்டும் உள்ள குட்டி ரகம் அதற்குள் அடங்கும்.

இன்னொரு கணக்கு மூக்கு எடை. கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். 700 கிலோ என்றால் 35 முதல் 49 கிலோ. தண்ணீர் கேனையும் அரிசி மூட்டையையும் வாலில் வைத்து இது குறைந்துவிட்டால், வேகம் கூடும்போது கேரவன் பாம்பு மாதிரி ஆட ஆரம்பிக்கும். ஒருமுறை ஆடத் தொடங்கினால் காரையும் சேர்த்து இழுத்துவிடும்.

இதெல்லாம் காரைச் செய்தவர்கள் இவ்வளவு இழுக்கலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகு போடும் கணக்கு. சித்தியின் கார் கையேட்டை எடுத்துப் பார்த்தோம். இந்த வண்டி ஆட்களையும் அளவான சாமானையும் ஏற்றச் செய்தது, டிரெய்லர் இழுப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று இருந்தது. கொக்கியை வெல்டிங் வைத்து மாட்டிக் கொடுக்க ஆள் கிடைப்பான், அது வேறு விஷயம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அந்த வெல்டிங்கைத்தான்.

ரிவர்ஸ் எடுப்பது அடுத்த சங்கடம். டிரெய்லர் மாட்டிய வண்டியை வலப்பக்கம் பின்னால் தள்ள ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். டிரெய்லர் எவ்வளவு சின்னதோ அவ்வளவு சீக்கிரம் மடங்கும். பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் பழகிவிடலாம். தனி ஆளுக்கு அந்த ஆள் கிடையாது. முட்டம் போகும் ஊர்ச்சாலைகளில் எதிரே மினிபஸ் வந்தால் யார் பின்னால் போவது என்பது நமக்குத் தெரிந்த கதைதான்.

இத்தனையும் நான் சொன்ன காரணங்கள். சித்தி விட்டுக்கொடுத்தது இதற்கெல்லாம் இல்லை. ஒருநாள் சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "ராத்திரி எவனாவது வந்து கதவத் தட்டுனா, நான் கேரவன்ல இருந்து வெளிய இறங்கி, சுத்தி வந்து கார்ல ஏறணும், இல்லியா மக்களே?"

ஆமாம் என்றேன்.

"அப்ப வேண்டாம்."

முப்பது வருஷம் நைட் டியூட்டி பார்த்தவருக்கு அது உடனே தெரிந்தது. படுக்கையிலிருந்து ஓட்டுநர் சீட்டுக்கு, தரையில் கால் வைக்காமல் போக முடிய வேண்டும். நோட்டில் புதுப் பக்கம் எடுத்து முதல் வரியாக இதை எழுதினோம்.

எழுந்து நிற்கிற ரகம்

அடுத்தது டெம்போ டிராவலர் ரகம். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், சேலை கட்டலாம், ஓரத்தில் சின்னக் குளியலறையே வைக்கலாம். எங்கள் பட்டறைக்கே அது வசதியான வேலை, வருமானமும் அதில்தான். ஆனால் கண்ணாடியோடு சேர்த்தால் அகலம் ஆறரை அடியைத் தாண்டும். கிணற்றடித் திருப்பம் ஆறடி ஒரு அங்குலம். வண்டியை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு, ஒவ்வொரு பயணத்துக்கும் சாமானை முடுக்கு வழியே சுமந்து போக வேண்டும். கோயில் கொடை நாளில் ரோட்டோரத்திலும் இடம் இருக்காது.

இருந்தாலும் ஆசை விடவில்லை என்பதால், ஜூலை மாதம் வேலைக்கு வந்த ஒரு உயர வேனில் சித்தியையும் ஏற்றிக்கொண்டு ஆரல்வாய்மொழி வரை போனேன். தென்மேற்குப் பருவக்காற்று அந்த மலை இடைவெளி வழியாகத்தான் கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடு மாதிரி நிற்பதற்குக் காரணமே அதுதான். உயர வேனின் பக்கவாட்டு ஒரு பாய்மரம். ஸ்டீயரிங்கைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் ஒடித்துப் பிடித்தபடியேதான் ஓட்ட வேண்டியிருந்தது. லாரியைத் தாண்டும்போது அதன் மறைவில் காற்று நிற்கும், தாண்டி முடித்ததும் மறுபடி பக்கத்திலிருந்து அறையும். நான் பழகியவன். சித்தி மேல்பிடியை விடவே இல்லை. திரும்பி வரும் வழியில் தோவாளையில் இறங்கி ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டு, "இது உனக்கு வண்டி, எனக்கு இல்ல" என்றார்.

எடுத்த வண்டி

மிஞ்சியது ஐந்து சீட் சின்ன வேன். என்ஜின் முன்சீட்டுக்கு அடியில், இரண்டு பக்கமும் தள்ளுகதவு. நீளம் பன்னிரண்டு அடி, அகலம் நான்கடி பத்து அங்குலம், உயரம் ஆறடி. கிணற்றடியில் மதிலை உரசாமல் திரும்பும். முன்சீட்டுகளுக்கு நடுவே ஒடுங்கிப் பின்னால் போய்விடலாம். சாமான் ஏற்றும் ரகம் என்று சீட் இல்லாத அதே வேன் இன்னும் மலிவாகக் கிடைத்தது. தட்டையான தரை, எங்களுக்கு வேலை மிச்சம். ஆனால் அது சரக்கு வாகனமாகப் பதிவாகும். மஞ்சள் போர்டு, எஃப்.சி. எனும் தகுதிச் சான்று என்று ஒரு வாழ்நாள் தொந்தரவு. வேண்டாம் என்று விட்டோம்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேன் என்ற வகை, மத்திய அரசின் 2004-ஆம் வருஷ அறிவிப்பிலேயே போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் இருக்கிறது. முழுதாகக் கட்டி விற்கும் மோட்டார் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ்.-124 என்று தனித் தரநிலை உண்டு. ஓடுகிற வண்டியை நாமே மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும்: ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், எழுதியிருப்பதற்கு மாறாக வண்டி இருக்கக் கூடாது. பின்சீட்டைக் கழற்றுவதும் அதில் அடங்கும். அதனால் முதலில் விண்ணப்பம், அப்புறம் ஆர்.சி.யில் சீட் எண்ணிக்கை திருத்தம், இன்சூரன்ஸுக்குத் தகவல், கடைசியில்தான் ஸ்பேனர். மூன்று நடை நடந்தோம். கூரையை வெட்டி உயர்த்துவது, பாடியை நீட்டுவது போன்ற ஆசைகளைத் தொடவே இல்லை.

பணம் கொடுப்பதற்கு முன் நான் பிடிவாதமாக ஒன்று செய்யச் சொன்னேன். அதே மாடல் வேன் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கி, வெறும் மெத்தை மட்டும் போட்டு இரண்டு ராத்திரி தூங்கிப் பார்க்க வேண்டும். முதல் ராத்திரி முட்டத்தில் சொந்தக்காரர் தோப்பில், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில். ராத்திரி ஒரு மணிக்கு உள்ளே வெப்பமானி 30 காட்டியது. கண்ணாடியை ஏற்றினால் இருபது நிமிஷத்தில் கழுத்தடி நனைகிறது, இறக்கினால் கொசு. இரண்டாம் ராத்திரி பேச்சிப்பாறை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து முற்றத்தில். குளிர்ச்சி உண்டு, கொசு அதைவிட உண்டு. பால் வடிக்கும் சிரட்டைகளில் தேங்கும் மழைத்தண்ணீரில் அது பெருகுகிறது என்று மலையோரத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அதோடு முற்றம் லேசான சரிவு. தலை கீழே போய், காலையில் முகம் வீங்கியிருந்தது.

இந்த இரண்டு ராத்திரியில் தெரிந்ததை நான்கு மாதப் பேச்சு சொல்லித் தரவில்லை. தள்ளுகதவு ஜன்னல்களுக்குக் காந்தம் வைத்த வலை. தலைமாட்டில் ஒரு 12 வோல்ட் ஃபேன். சக்கரத்துக்கு அடியில் வைக்க இரண்டு மர ஆப்பு. மெத்தைக்குக் கீழே காற்று போக ரீப்பர் கட்டைத் தட்டி, இல்லாவிட்டால் அடியில் ஈரம் கட்டிப் பூஞ்சை பிடிக்கும். மொத்தமே இவ்வளவுதான்.

இன்சுலினும் பேட்டரியும்

ஃபிரிட்ஜை நான் ஆடம்பரம் என்று அடித்திருந்தேன். சித்தி அதைத் திரும்ப எழுதினார். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்தது பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் தாங்கும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் 30 என்பது காலை ஒன்பது மணிக்கே போய்விடும். ஈரத்துணி சுற்றிய மண்கலயம் வறண்ட ஊரில் உதவும். நம் கடலோரப் புழுக்கத்தில் தண்ணீர் ஆவியாவதே மெதுவாகத்தான். ஐஸ் பெட்டியில் மருந்து உறைந்துபோகும் ஆபத்து உண்டு, உறைந்தது பிறகு உதவாது. ஆக, 15 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், ஐந்து டிகிரியில், மருந்து உள்சுவரைத் தொடாமல் ஒரு டப்பாவில்.

மின் கணக்கு முழுவதும் இதைச் சுற்றியே அமைந்தது. ஃபிரிட்ஜ் விட்டு விட்டு ஓடுவதால் சராசரி 15 வாட். ஒரு நாளைக்கு 360 வாட்-மணி. ஃபேன் 25 வாட், ஒன்பது மணி நேரம், 225. விளக்கும் போனும் 50. மொத்தம் 635. நூறு ஆம்பியர்-மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரியில் 1,280 இருக்கும், அதாவது கிட்டத்தட்ட இரண்டு நாள். கூரைக் கேரியரில் 200 வாட் சோலார் பலகை, நல்ல வெயிலில் 700-க்குக் குறையாது. நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபர் நவம்பரிலும் மழை என்பதால் சோலாரை மட்டும் நம்ப முடியாது. மேகம் மூடிய நாளில் மூன்றில் ஒரு பங்கு வந்தால் அதிகம். அதனால் என்ஜின் ஓடும்போது 20 ஆம்பியரில் ஏற்றும் ஒரு சார்ஜரும் வைத்தேன். இரண்டு மணி நேரம் ஓட்டினால் 500 வந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் டியூபுலர் பேட்டரி விலை குறைவுதான், ஆனால் ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும், அதோடு படுக்கைக்கு அடியில் ஆசிட்.

ஏசி பற்றிக் கேட்கிறவர்களுக்கு: சின்ன ஏசி சராசரி 500 வாட் என்று வைத்தாலும் ஒரு ராத்திரிக்கு 4,000 வாட்-மணி. இதே பேட்டரி மூன்று வைத்தாலும் பற்றாது.

பத்துக் கிலோ

பட்டறையில் மூன்று கேன்களில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். 20, 15, 10 லிட்டர். சித்தி ஒவ்வொன்றாகத் தரையிலிருந்து தூக்கி வேனுக்குள் வைக்க வேண்டும். இருபது லிட்டர் கேன் முழங்கால் வரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. பதினைந்து ஏறியது, ஆனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பத்து சாதாரணமாக ஏறியது. அன்றிலிருந்து வண்டிக்குள் அசையும் எந்தப் பொருளும் பத்துக் கிலோவைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். இருபது லிட்டர் கேனுக்குப் பதில் பத்து லிட்டரில் இரண்டு. கையில் எடுத்துப் போகும் டாய்லெட்டிலும் கழிவுத் தொட்டி பத்து லிட்டர் ரகம். பெரியது வாங்கினால் நிரம்பியதும் தூக்கிக் கொட்ட இன்னொரு ஆளைத் தேட வேண்டும், அதுவும் இந்தச் சாமானைத் தூக்க. படுக்கைப் பலகையை மூன்று துண்டாக வெட்டினேன். ஸ்டெப்னி மட்டும் விதிவிலக்கு. அதைத் தூக்காமல், மடக்கிய சாக்கின் மேல் உருட்டி, கடப்பாரையால் நெம்பி மாட்டச் சொல்லிக் கொடுத்தேன். 13 அங்குலச் சக்கரம் என்பதால் முடிந்தது. நட்டு கழற்ற நீளக் கைப்பிடி ஸ்பேனர், அதன் மேல் ஏறி நின்று மிதித்தால் போதும்.

சமையலுக்கு வீட்டு சிலிண்டர் வேண்டவே வேண்டாம் என்றேன். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் படுக்கும், நம் படுக்கையும் அங்கேதான். சின்ன பியூட்டேன் கேன் அடுப்பு, கதவுக்கு வெளியே வைத்து, காப்பியும் கஞ்சியும் மட்டும். மற்றபடி நல்ல மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் கிடைக்கிற ஊரில் வண்டிக்குள் தாளித்துக்கொண்டிருப்பது எனக்குப் புரியாத விஷயம்.

என் தப்பு ஒன்றையும் எழுதிவிட வேண்டும். அலமாரிக்குப் பட்டறையில் மிச்சம் கிடந்த சாதாரண பிளைவுட்டைப் போட்டேன், ஐ.எஸ். 303 முத்திரை. ஸ்குருவும் துத்தநாகம் பூசியதுதான். நான்கு மாதத்தில், சொத்தவிளை, சங்குத்துறை என்று கடலோரமே சுற்றியதில் ஸ்குருத் தலைகள் சிவந்து, பலகை ஓரம் பப்படம் மாதிரிப் பொரிந்துவிட்டது. எல்லாவற்றையும் பிரித்து, ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்குருவும் போட்டு, வெட்டிய ஓரங்களுக்கு எபாக்சி பூசினேன். அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்குரு நேராகப் பட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கும், நடுவே நைலான் வாஷர் வேண்டும். ஆம்புலன்ஸ் வேலையில் தெரிந்துகொண்டதை வீட்டு வேலையில் மறந்துவிட்டேன்.

செலவு: ஓடிய வேன் 3 லட்சத்து 40 ஆயிரம். ஃபிரிட்ஜ், பேட்டரி, சோலார், சார்ஜர் எல்லாம் சேர்த்து 92 ஆயிரம். மர வேலையும் மெத்தையும் 38 ஆயிரம், என் தப்புக்கு ஆன 11 ஆயிரம் தனி. அதைச் சித்தியிடம் வாங்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்து

இதுவரை 9,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. ராத்திரி தங்குவது பெரும்பாலும் தெரிந்தவர்கள் முற்றத்தில்; கூட வேலை பார்த்த நர்ஸ்களுக்கு ஊர் ஊராக வீடு இருக்கிறது. அது இல்லாத இடத்தில் இருபத்துநாலு மணி நேர பெட்ரோல் பங்க். பெட்ரோல் போடாமல் இடம் கேட்பதில்லை, போட்டுவிட்டு மேனேஜரிடம் கேட்டு, விளக்குக்கு அடியில், வண்டி மூக்கு வெளிவாசலைப் பார்த்தபடி நிறுத்துவார். சாவி துவாரத்தில்தான் இருக்கும். ஒரே ஒருமுறை, ராமநாதபுரம் தாண்டி, ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். யார், எதற்கு என்று கேட்கவில்லை. சீட்டுக்கு வந்து, ஸ்டார்ட் செய்து, போய்விட்டார். இருட்டில் ஓட்டிய ஒரே ராத்திரி அதுதான்.

கடற்கரை மணலோரத்தில் ராத்திரி நிறுத்துவதே இல்லை. உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் தெற்கே வெகு தூரத்துப் புயலிலிருந்து வந்து ஏறும் கள்ளக்கடல் நம் கரைக்குப் பழக்கம். 2024 மே மாதம் கணபதிபுரத்தில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனதிலிருந்து, எச்சரிக்கை வந்த நாளில் கடலோரச் சாலைக்கே சித்தி போவதில்லை.

குறைகளும் உண்டு. பழைய மாடல் என்பதால் பவர் ஸ்டீயரிங் கிடையாது. நெரிசலில் நிறுத்தி எடுத்தால் தோள்பட்டை வலிக்கிறது. வாங்கும்போது நான் ரோட்டில்தான் ஓட்டிப் பார்த்தேன், வடசேரி சந்தையில் நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். இன்னும் 60 ஆயிரம் போட்டுப் புது மாடல் எடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. என்ஜின் சூடு சீட்டுக்கு வருகிறது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருக்கிறது. நிமிர்ந்து நிற்க முடியாது. சேலையை விட்டுச் சுடிதாருக்கு மாறினார். அதில் அவருக்கு இருக்கும் வருத்தம் எனக்குத் தெரியும், பின்கதவில் மாட்டும் துணிக்கூடாரம் ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறேன். காற்றில்லாத நாளில் அது நிற்கும்.

போன வாரம் சர்வீஸுக்கு வந்தபோது, ரிப்பேருக்கு வேண்டியதெல்லாம் இருக்கட்டும் என்று நான் கட்டிக் கொடுத்திருந்த இரும்புப் பெட்டியைத் தராசில் வைத்தார். பதினான்கு கிலோ. ஒன்றும் சொல்லாமல் தரையில் உட்கார்ந்து, ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, வேண்டாததை என் மேசை மேல் அடுக்க ஆரம்பித்தார். முள் ஒன்பதரையைக் காட்டியதும் பெட்டியை மூடி, ஒரு கையால் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனார்.